குயில் குறிப்பை அச்சில் ஏற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் லெட்டர்பாக்ஸிங் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. ஒரு டப்பாவில் கையால் செதுக்கிய ரப்பர் ஸ்டாம்பையும் ஒரு சின்ன நோட்டையும் போட்டு ஓரிடத்தில் வைப்பது, அங்கே போக வழி சொல்லும் குறிப்பை எழுதுவது, தேடி வருகிறவர் டப்பாவின் முத்திரையைத் தம் நோட்டிலும் தம் முத்திரையை டப்பாவின் நோட்டிலும் பதித்துவிட்டு இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டுப் போவது என்று அடிப்படை எல்லாம் கட்டுரையில் சரியாகவே இருந்தது. எங்களுக்கு உடன்பாடில்லாதது கடைசிப் பத்தி. வடசென்னையில் டப்பா வைக்கும் வாசகர்கள் குறிப்புகளை அனுப்பினால் வாரத்துக்கு நான்காக வெளியிடுவோம் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பகுதிக்குத் தோதானது அச்சில் வராத, ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குக் கைமாறிப் போகிற குறிப்புதான். அது எப்படி ஓடுகிறது, எங்கே படுத்துக்கொள்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம். எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

முதலில், கட்டுரையில் இருந்த ஒரு குழப்பம். பயணம் போகும் டப்பாவையும் பயணம் போகும் குறிப்பையும் ஒன்றாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் வேறு. ஆங்கிலத்தில் ஹிட்ச்ஹைக்கர் என்கிறார்களே, அது ஓசிப் பயணி. தனக்கென்று ஸ்டாம்பும் நோட்டும் உள்ள குட்டிப் பொட்டலம். நிலையான இடம் கிடையாது. ஒரு டப்பாவில் அதைக் கண்டவர் முத்திரை பதித்துக்கொண்டு, தாம் அடுத்துப் போகும் டப்பாவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பயணக் குறிப்பு அப்படியல்ல. அதில் ஸ்டாம்பு இருக்காது. வேறெங்கோ ஒரே இடத்தில் இருக்கும் ஒரு டப்பாவுக்கு வழி சொல்லும் அட்டை அது, அவ்வளவுதான். அந்த டப்பாவைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இருக்காது. குயில் காக்கைக் கூட்டில் முட்டை வைப்பதைப்போல அடுத்தவர் டப்பாவில் குடியேறுவதால் ஆங்கிலத்தில் இதற்குக் குக்கூ என்று பெயர். குயில் குறிப்பு என்று நாம் சொல்லலாம். காக்கைக்கும் குயிலுக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை.

இது புதிதாகக் கிளம்பிய தந்திரமும் இல்லை. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்ற எளிதில் எட்டாத சதுப்பில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கண்ணாடிச் சாடி ஒன்றை வைத்தார். நடந்து போனவர்கள் முதலில் அதில் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு தங்கள் விலாசம் எழுதிய அஞ்சலட்டையை விட்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயரே அதில்தான் வந்தது. முன்பின் தெரியாதவர் கையில் ஓர் அட்டையை ஒப்படைப்பது இந்த விளையாட்டின் பிறவிக் குணம். 1998-இல் ஸ்மித்சோனியன் என்ற இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவில் பரவி, குறிப்புகள் இணையத்தில் ஏறின. ஆனால் இரண்டு நாட்டிலும் வாய்மொழிக் குறிப்பு என்ற வகை இன்றும் தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

டார்ட்மூரில் பாறை இடுக்கில் டப்பா வைத்தால் பெரும்பாலும் ஆடுதான் பார்க்கும். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஆள் இல்லாத இடுக்கு என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். குனிந்து எதையோ துழாவுகிறவரை நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அவர் போன பிறகு ஐந்தாவது ஆள் போய்க் கையை விடுவார். நல்ல பிளாஸ்டிக் டப்பா பழைய பொருள் கடையில் காசு. அதை எடுத்துப்போகிறவரைக் குறை சொல்ல முடியாது. குப்பையில் கிடப்பதை எடுப்பது அவர் தொழில். இதைவிடப் பெரிய சங்கடம், ரயில் நிலையம், துறைமுகம், எண்ணெய் ஆலை, அனல் மின்நிலையம் என்று காவலுள்ள இடங்கள் இந்தப் பக்கம் அடுத்தடுத்து இருப்பது. அங்கெல்லாம் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் அது விளையாட்டில் முடியாது. மாடிப் பூங்கா போன்ற இடத்தில் 18-ஆம் நூற்றாண்டு மதிலின் செங்கல்லை ஒருவர் அசைத்துப் பார்த்தாலே போதும், பெயர் கெட்டுவிடும். தொல்சின்னத்திலும் கட்டடச் சுவரிலும் டப்பா வைக்கக் கூடாது என்பது டார்ட்மூரிலேயே கட்டுப்பாடு. குறிப்பு அச்சில் வந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறு பேர் கிளம்புவார்கள், குறிப்பைப் பாதி படித்தவர்கள் உட்பட. குயில் குறிப்பில் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். அவர்களும் ஏற்கெனவே வேறொரு டப்பாவை ஒழுங்காகக் கண்டு, ஒழுங்காக மூடி வைத்தவர்கள். அந்த வடிகட்டல்தான் இதன் உயிர்.

இனி அட்டை. 3×5 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் அட்டையை ஏற்கும் டப்பாவின் மூடி சரியாக உட்காராது. ஒரு பக்கக் கிளிப் ஏறாமல் விட்டாலே அக்டோபரில் உள்ளே தண்ணீர். ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் 300 ஜிஎஸ்எம் அட்டை என்று கேட்டால் கொடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகைக் கனம். அச்சடிப்பதானால் லேசர் பிரின்டரில் அடிக்க வேண்டும். இங்க்ஜெட் எழுத்து ஈரக்காற்றிலேயே கசியும். கையால் எழுதினால் பென்சில் முதல் தரம், பால்பாயின்ட் இரண்டாம் தரம். ஜெல் பேனாவைக் கையில் எடுக்கவே வேண்டாம். லேமினேஷன் செய்யத் தோன்றும், ஆனால் பின்பக்கத்தில் பயணப் பதிவு எழுத முடியாமல் போகும். ஜிப் கவரே நல்லது. ஸ்டேப்ளர் பின் கூடாது. காசிமேட்டுக் காற்றில் ஒரு மாதத்தில் துருவேறி, அந்தத் துரு அட்டை முழுக்கப் படரும். கட்டுரையில் பிஸ்கட் டின்னைப் பரிந்துரைத்திருந்ததும் இதே காரணத்தால் தவறு. நான்கு பக்கமும் கிளிப்பும் உள்ளே சிலிகான் வளையமும் உள்ள பிளாஸ்டிக் டப்பாதான் இங்கே தாங்கும். உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

அட்டையின் முன்பக்கம் ஐந்து விவரங்கள்: குறிப்புக்கு ஒரு புனைபெயர், பிரதி எண் (மூன்றில் இரண்டாவது என்றால் 2/3), என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை, குறிப்பு, காலாவதித் தேதி. உதாரணமாக, ‘கருவாடு, 2/3. இது டப்பா அல்ல, வழி. கையால் எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள். எழுதிய பின் இந்த அட்டையை அடுத்து நீங்கள் போகும் டப்பாவில் சேருங்கள். 15 நாளில் முடியாவிட்டால் எடுத்த இடத்திலேயே வையுங்கள். செப்டம்பர் 30-க்குப் பின் கண்டால் கிழித்துவிடுங்கள்.’ இதன் கீழே குறிப்பு. பின்பக்கம் பன்னிரண்டு கோடு போட்டுவிட்டால் ஒவ்வொருவரும் தேதியும், இந்த விளையாட்டுக்கென்று வைத்துக்கொண்ட தம் முத்திரைப் பெயரும் எழுதலாம். எந்த டப்பாவில் எடுத்தேன் என்று முழுப்பெயர் எழுதுவது ஒரு பெரிய ஓட்டை. அச்சில் வராத இன்னொரு டப்பா இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் எழுத்து போதும்.

15 நாள் எதற்கு என்று கேட்கலாம். பயணக் குறிப்பு சாவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, தூக்கத்தால். எடுத்தவர் பையில் போட்டுக்கொள்வார், அடுத்த டப்பாவுக்குப் போகவே மாட்டார். ஒரு பகுதியில் மொத்தமே ஆறேழு டப்பாதான் இருக்கிறது என்றால் பழைய ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள். அட்டையை இறக்க அவர்களுக்குப் புதிய டப்பா இருக்காது. அதனால் ‘அடுத்து நீங்கள் கண்டுபிடிக்கும் டப்பா’ என்று எழுதாமல் ‘அடுத்து நீங்கள் போகும் டப்பா’ என்று எழுத வேண்டும். பார்த்த டப்பாவுக்கே திரும்பப் போய் வைத்தாலும் அட்டை நகர்ந்த கணக்குதான். ஆறேழு டப்பாவுக்கு மூன்று பிரதி சரியாக இருக்கும். ஒன்று மட்டும் என்றால் அது தூங்கியதும் கதை முடிந்தது. ஆறு என்றால் அச்சடித்த மாதிரிதான்.

எந்த டப்பாவில் இறக்குவது என்பதிலும் நாசூக்கு வேண்டும். ஒரு டப்பாவில் ஒரு குயில் மட்டுமே. ஏற்கெனவே ஓர் ஓசிப் பயணி இருந்தால் அங்கே வேறெதையும் திணிக்கக் கூடாது. ஆள் அதிகம் போகாத, கடினமான டப்பாவில் இறக்கினால், நடுவழியில் லாரி படுத்த மாதிரி மாதக்கணக்கில் நிற்கும். எளிதான டப்பாவில் எடுத்ததைக் கொஞ்சம் கடினமானதில் இறக்கலாம். மிகக் கடினமானதில் கூடாது.

இப்போது குறிப்பின் மொழி. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள், அதுவும் தமிழில். புதியவர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘தேரடியில் இறங்கி இடம் திரும்பி 40 அடி நட. பச்சைக் கதவு.’ ஒன்றரை வரிதான், நான்கு பிழை. திருவொற்றியூர்க்காரருக்குத் தேரடி என்றால் தேர் நிற்கும் இடம். மற்றவர்களுக்கு மெட்ரோ நிலையம். ‘இடம்’ என்பது இடதா, ஸ்தலமா? அவசரத்தில் கையால் பிரதி எடுப்பவர் ‘அந்த இடம் திரும்பி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்த ஆளுக்குத் திசையே போய்விடும். பீச்சாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம் என்றே எழுதுங்கள்; அழகு குறைந்தாலும் யாரும் தவற மாட்டார்கள். ‘40 அடி’ என்பது நாற்பது காலடியா, பன்னிரண்டு அங்குலக் கணக்கா? பெரியவர்களின் ஒரு காலடி சுமாராக இரண்டரை அடி. 40 காலடி நடந்தால் 100 அடி வரும். அறுபது அடி வித்தியாசத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஏழெட்டுக் கடை தாண்டிவிடும். கடைசியாகப் பச்சைக் கதவு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது நீலமாகிவிடும்.

பயணக் குறிப்புக்கு மட்டுமே உரிய பிழை இன்னொன்று உண்டு. ‘இங்கிருந்து மேற்கே போகவும்’ என்று எழுதுவது. அட்டை முதல் டப்பாவில் இருக்கும்வரை சரி. இடம் மாறியதும் ‘இங்கே’ எங்கே? பேனா பிடித்தவருக்கு முதல் டப்பா மனத்தில் இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை. எழுதி முடித்ததும் இங்கே, அங்கே, எதிரே, பக்கத்தில் என்ற சொற்களைத் தேடி, எதற்கு எதிரே, எதன் பக்கத்தில் என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திசைகாட்டியை நம்ப வேண்டாம். தண்டவாளம், கன்டெய்னர், இரும்பு வேலி பக்கத்தில் முள் ஆடும். செல்போனுக்குள் இருக்கும் திசைகாட்டிக்கும் அதே கதி. நம் பகுதிக்குக் கடலைவிட நல்ல திசைகாட்டி வேறில்லை. ‘கடல் பக்கம்’ என்றால் கிழக்கு, குழந்தைக்கும் தெரியும்.

எண்களுக்கு ஒரு பாதுகாப்பு வைக்கலாம். 32 காலடி, பிறகு 14, பிறகு 41 என்றால் கீழே ‘மூன்றும் சேர்ந்து 87’ என்று ஒரு வரி. கையால் எழுதும்போது 14 என்பது 19 ஆகிவிட்டால் எழுதியவரே கூட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். எண்ணை மறைக்க விரும்பினால் தமிழ் எண்களே கைகொடுக்கும். க ஒன்று, உ இரண்டு, ச நான்கு, எ ஏழு, அ எட்டு. ‘கடலை, உப்பு, அவல்’ என்று ஒரு மளிகைச் சீட்டு எழுதினால் முதலெழுத்தில் 128 ஒளிந்திருக்கும். ஆனால் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த வருடத்தின் இலக்கங்களைக் கூட்டு என்று கேட்பது வீண். 1856, கூட்டினால் 20. வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். நேரில் போய் எண்ணினால் மட்டும் கிடைப்பதாகப் பார்த்துக் கேளுங்கள்.

கையால்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடிப்பது ஏன் என்றால், படம் எடுத்தால் அது அன்று இரவே ஏதாவது வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். ஏறிய பிறகு அது அச்சில் வந்த குறிப்புதான். கையால் எழுதியதை அவ்வளவு எளிதில் யாரும் பரப்புவதில்லை. சோம்பேறித்தனமும் சில நேரம் காவல் காக்கும்.

சரி, டப்பாவை எங்கே வைப்பது? மண்ணில் புதைப்பது, கால்வாய்க் கரையில் செருகுவது எல்லாம் இங்கே எடுபடாது. ஒரு மழைக்கு மிதக்கும். மழை இல்லாவிட்டால் பெருச்சாளி கடிக்கும். அனுமதி கேட்டுக் கடையில் வைப்பதுதான் வழி. டீக்கடைக் கல்லாவுக்குக் கீழே, ஜெராக்ஸ் கடை அலமாரியில், தையல்காரர் மேசைக்கடியில், வாடகை நூலகத்தின் கடைசித் தட்டில் என்று எத்தனையோ இடங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி போன்ற டப்பாவாக இருக்கட்டும். மேலே ‘விளையாட்டு முத்திரைப் பெட்டி’ என்று பெரிதாக எழுதியிருக்கட்டும். குயில் குறிப்பின் கடைசி வரி, கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய சொல். இதற்கும் யோசனை வேண்டும். டீக்கடையில் போய் ‘சுக்குக் காபி’ என்பது அடையாளச் சொல்லானால் சுக்குக் காபிதான் வரும். அக்டோபரில் ‘மழை வருமா’ என்று கேட்காத ஆளே இல்லை. ‘அண்ணா, ஓலைச்சுவடி இருக்கா?’ என்பதுபோல அங்கே வேறு யாரும் கேட்க வாய்ப்பில்லாததாக வேண்டும். வியாபார நேரத்தில் போய் நிற்கக் கூடாது. டீக்கடைக்குக் காலை 11-க்கு மேல் பிற்பகல் 3-க்குள் என்று அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். கடையில் இரண்டு ஷிப்ட் ஆள் இருந்தால் இருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். காலை ஆளுக்குத் தெரியும், மாலை ஆள் ‘அப்படி ஒண்ணும் இல்லீங்க’ என்று அனுப்பிவிடுவார். வந்தவர் டப்பா தொலைந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார். கடையில் வைக்கும் டப்பாவுக்கு நேரும் கோளாறில் பாதி இதுதான்.

ஸ்டாம்பு பற்றி ஒன்றே ஒன்று. பென்சில் அழிக்கும் ரப்பரில் செதுக்குகிறவர்கள் எழுத்தைத் திருப்பிச் செதுக்குவதில் காட்டும் கவனத்தை அதைப் பொதிவதில் காட்டுவதில்லை. வெள்ளை வினைல் ரப்பர் சில வகைப் பிளாஸ்டிக்கோடு தொட்டுக்கொண்டே இருந்தால், வெயிலில் அதை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஜியாமெட்ரி பாக்ஸில் ஸ்கேலோடு ஒட்டிய ரப்பரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிய்த்தால் செதுக்கிய முகம் போய்விடும். பருத்தித் துணித் துண்டில் சுற்றி வைக்க வேண்டும். கத்தியை வெளிப்பக்கம் சாய்த்துச் செதுக்கினால் கோட்டின் அடி அகலமாக நிற்கும். உள்ளே குடைந்துவிட்டால் பத்துப் பதினைந்து பதிவிலேயே விளிம்பு உதிரும்.

டப்பா வைத்தவர் வேலை வைத்ததோடு முடிவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் ‘எந்தப் பிரதியைப் பார்த்து வந்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி எழுதி வைக்க வேண்டும். 1/3 பார்த்து நான்கு பேர், 3/3 பார்த்து இரண்டு பேர், 2/3 பார்த்து மூன்று மாதமாக ஒருவரும் இல்லை என்றால் இரண்டாம் பிரதி எங்கோ தூங்குகிறது. ஏற்கும் டப்பாக்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அதே எண்ணில் அல்ல, 4 என்று புது எண் போட்டு ஒன்றை அனுப்ப வேண்டும். அதே எண்ணைப் போட்டால், தொலைந்தது பிறகு விழித்துக்கொள்ளும்போது கணக்குக் குழம்பும். ஒரே வாரத்தில் எண்ணே எழுதாமல் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டால் படம் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அடையாளச் சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

காலாவதித் தேதி எதற்கென்றால், டப்பா போன பிறகும் குறிப்பு பாட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதைப் பார்த்துப் போய், பேர் மாறிவிட்ட கடையில் ஓலைச்சுவடி கேட்டு முழிப்பார். செப்டம்பர் 30 என்று நாங்கள் சொல்வது வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுவதற்காக. பொங்கல் கழிந்து காய்ந்த அட்டையில் புதிதாக எழுதி அனுப்பலாம்.

ஆகவே, வரும் ஞாயிறு அச்சுக்குப் போகவிருக்கும் நான்கு குறிப்புகளையும் அனுப்பியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் மூன்று அட்டையாக எழுதி, இப்போது இருக்கும் டப்பாக்களில் பிரித்து வைத்துக்கொள்ளட்டும். அந்த இடத்தில் ரப்பர் செதுக்கும் முறையையோ நோட்டுத் தைக்கும் முறையையோ படத்தோடு போடுங்கள்; அது எல்லோருக்கும் உதவும். ஆனால் கட்டுரையோடு ஒரு டப்பாவின் முத்திரைப் பதிவையே பெரிதாக அச்சிட்டிருந்தீர்கள். அலைந்து போய்க் கண்டவருக்குக் கிடைக்கும் கூலியே அந்த ஒரு பதிவுதான். இனி முத்திரையைக் காட்ட வேண்டியிருந்தால் ரப்பரின் முதுகுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81